காற்றில் திறந்து விடாதீர்கள்: ஏசி மெக்கானிக்குகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஏசி, ஃபிரிட்ஜ் மெக்கானிக் தம்பிகளே, அவர்களுக்குப் பின்னால் டூல் பேக்கைச் சுமந்துகொண்டு மாடியேறும் ஹெல்பர் பையன்களே,

ஐ.டி.ஐ.யில் குளிர்பதனப் பிரிவில் பல ஆண்டு பாடம் நடத்தியவன் நான். என்னிடம் படித்தவர்கள் சிலர் இதைப் படிக்கலாம். படிக்காதவர்களே அதிகம் இருப்பீர்கள். உங்களில் பெரும்பாலோர் ஏதோ ஓர் அண்ணனிடம் எடுபிடியாகச் சேர்ந்து, அவர் ஸ்பேனர் பிடிப்பதைப் பார்த்துப் பார்த்தே தொழில் கற்றவர்கள். அதில் குறை ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்த கைதேர்ந்த மெக்கானிக்குகளில் பலர் அப்படி வந்தவர்கள்தான். ஆனால் அண்ணனிடம் கற்கும்போது அவருடைய திறமையோடு அவருடைய பழக்கங்களும் சேர்ந்தே கைக்கு வந்துவிடுகின்றன. அவற்றில் ஒன்றைப் பற்றி உங்களிடம் நேராகவே பேச வேண்டியிருக்கிறது.

கேஸைக் காற்றில் திறந்து விடுகிறீர்கள்.

காயில் மாற்ற வேண்டும், அல்லது கம்ப்ரசர் போய்விட்டது. “பழைய கேஸை எடுத்துட்டுப் புதுசா ஏத்தணும் சார்” என்று வீட்டுக்காரரிடம் சொல்கிறீர்கள். எப்படி எடுக்கிறீர்கள்? அவுட்டோர் யூனிட்டின் சர்வீஸ் வால்வில் பின்னை அழுத்துகிறீர்கள். இல்லையென்றால் ஃபிளேர் நட்டை அரைச்சுற்றுத் தளர்த்துகிறீர்கள். உஸ்ஸென்று சத்தம் வருகிறது. நட்டைச் சுற்றி வெண்பனி படிகிறது, விரலில் கொஞ்சம் ஆயில் தெறிக்கிறது. அதற்குள் நீங்கள் ஒரு போன் பேசி முடித்துவிடுவீர்கள். சத்தம் நின்றதும் வேலை தொடங்குகிறது. மூக்கைத் துளைக்கும் நாற்றம் கிடையாது, புகை கிடையாது, கண் எரிவதில்லை, பக்கத்துத் தொட்டியில் இருக்கும் துளசிகூட வாடுவதில்லை. போனது எங்கே என்று வீட்டுக்காரர் கேட்பதில்லை, உங்கள் சூப்பர்வைசரும் கேட்பதில்லை.

இதே இடத்தில் அமோனியா இருந்திருந்தால் கேட்டிருப்பார்கள். மீன்பிடித் துறைமுகப் பக்கம் ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். அமோனியா கொஞ்சம் கசிந்தாலே எப்படி ஓடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே வால்வைத் திறந்து வைத்துவிட்டுப் போன் பேசும் துணிச்சல் யாருக்கும் வராது. நாம் கையாளும் ஃபுளோரின் கலந்த வாயுக்கள் அப்படி எச்சரிப்பதில்லை. அவற்றை உருவாக்கியதே அந்தச் சாதுவான குணத்துக்காகத்தான். 1920களில் அமெரிக்க வீடுகளில் ஓடிய ஃபிரிட்ஜ்களில் அமோனியா, கந்தக டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு என்று விஷ வாயுக்களே இருந்தன. இரவில் குழாய் கசிந்து, உறக்கத்திலேயே குடும்பங்கள் மடிந்த சம்பவங்கள் உண்டு. அதற்கு மாற்றுத் தேடிப் புறப்பட்ட தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் 1928-இல் ஃபுளோரினும் குளோரினும் சேர்ந்த வாயுவைக் கண்டார்கள். 1930-இல் வேதியியலாளர்கள் கூட்டத்தில் மிட்ஜ்லி அந்த வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, எரியும் மெழுகுவர்த்தி மேல் ஊதி அணைத்துக் காட்டினார். விஷமும் இல்லை, தீயும் பிடிக்காது. அதுதான் ஆர்-12. உங்களில் மூத்தவர்கள் அதைக் கையாண்டிருப்பீர்கள்.

கார்பனோடு ஃபுளோரின் போடும் முடிச்சு சாமானியமானதல்ல. கரிம வேதியியலில் கார்பன் போடும் ஒற்றைப் பிணைப்புகளில் அதுதான் மிக உறுதியானது. அந்த உறுதிதான் இன்றைய தொழிலுலகம் நெடுக வேலை செய்கிறது. தோசைக்கல்லில் டெஃப்லான் பூச்சாக இருப்பது அதுதான். குளிர்பதன வாயு ஆராய்ச்சியில் இருந்த ராய் பிளங்கெட் 1938-இல் தற்செயலாகக் கண்டெடுத்தது அந்த டெஃப்லானை. டெஃப்லான் செய்ய இன்றும் மூலப்பொருள் நம்ம ஆர்-22தான். செல்போன் பேட்டரிக்குள் இருக்கும் உப்பு, சிப் தொழிற்சாலையில் சிலிக்கானை அரிக்கும் வாயு, ஆஸ்துமா இன்ஹேலரில் மருந்தைத் தள்ளும் வாயு, ஆபரேஷன் தியேட்டரில் மயக்கம் தரும் செவோஃபுளுரேன், துணை மின்நிலைய சுவிட்ச் கியரில் அடைத்திருக்கும் எஸ்எஃப்-6, எல்லாவற்றிலும் ஃபுளோரின் இருக்கிறது. ஆகவே ஃபுளோரினே வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. தடுப்பூசி கெடாமல் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் வரை போகிறதே, ரத்த வங்கி நடக்கிறதே, மே மாதத்தில் வயதானவர் ஒருவர் மூச்சு முட்டாமல் உறங்குகிறாரே, அதெல்லாம் உங்கள் கைவேலை. அந்த வாயு குழாய்க்குள் இருக்கும்வரை அதன் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை.

குழாயை விட்டு வெளியே வந்தால்தான் அந்த உறுதி நமக்கு எதிராகத் திரும்புகிறது. எளிதில் சிதையாத பொருள் காற்றிலும் எளிதில் சிதைவதில்லை. ஆர்-12 மேலே மேலே போய், ஓசோன் படலம் வரை சென்று, அங்கே புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து குளோரினைக் கக்கியது. இப்படி நடக்கும் என்று 1974-இல் வேதியியலாளர்கள் மோலினாவும் ரோலண்டும் எழுதினார்கள். பதினோரு ஆண்டு கழித்து, 1985-இல், அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் படலம் மெலிந்து கிடப்பதை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அளந்தே சொன்னார்கள். 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. 1992-இல் இந்தியாவும் சேர்ந்தது. 2010 பிறந்தபோது நம் நாட்டில் ஆர்-12 போன்ற சிஎஃப்சி வாயுக்களின் காலம் முடிந்திருந்தது. உலகில் உள்ள எல்லா நாடுகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது. ஓசோன் படலமும் மெல்ல மெல்லத் தேறி வருகிறது. இதே போக்கில் போனால் 2066 வாக்கில் அண்டார்டிகாவில்கூட 1980-இன் நிலைக்குத் திரும்பிவிடும் என்பது ஐ.நா. விஞ்ஞானிகளின் கணிப்பு.

அந்த வெற்றியில் உங்களுக்கும் பங்கு உண்டு. உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டவர்கள் அமைச்சர்கள். ஆர்-12 ஃபிரிட்ஜை 134ஏ-வுக்கு மாற்றக் கற்றுக்கொண்டவர்கள், புது ஆயில், புது ஃபில்டர், புது அழுத்தம் என்று எல்லாவற்றையும் தெருவோரக் கடைக்குள் உட்கார்ந்தே பழகிக்கொண்டவர்கள் மெக்கானிக்குகள். “இந்தப் பையன்களுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது” என்று அன்று சொன்ன பெரிய மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். புரிந்தது, செய்தும் காட்டினீர்கள். அந்த நம்பிக்கையில்தான் இப்போதும் அமைச்சருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

இன்று உங்கள் சிலிண்டரில் இருக்கும் ஆர்-410ஏ, ஆர்-32, ஆர்-134ஏ ஆகியவற்றில் குளோரின் இல்லை, ஓசோனுக்குத் தீங்கில்லை. “ஓசோன் ஃபிரெண்ட்லி” என்று பெட்டி மேலே பச்சை இலை படம் போட்டு ஒட்டியிருப்பார்கள். பாதி உண்மை அது. மீதிப் பாதியை ஸ்டிக்கரில் போடுவதில்லை. இந்த வாயுக்கள் பூமியின் வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கின்றன. எவ்வளவு பிடிக்கும் என்பதைக் கரியமில வாயுவோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள். நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ ஆர்-32, 675 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு கிலோ ஆர்-22 என்றால் 1,810 கிலோ. ஒரு கிலோ ஆர்-410ஏ என்றால் 2,088 கிலோ. சூப்பர் மார்க்கெட் ஃபிரீசரில் போடும் ஆர்-404ஏ 3,922 கிலோ. இந்தியர் ஒருவர் சராசரியாக ஓர் ஆண்டு முழுக்க, மின்சாரம், வண்டி, தொழில் எல்லாம் சேர்த்து வெளியிடும் கரியமில வாயு ஏறக்குறைய இரண்டு டன். ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி ஒன்றில் சுமார் ஒரு கிலோ கேஸ் இருக்கும். அது 410ஏ என்றால், நீங்கள் போன் பேசி முடிப்பதற்குள் ஓர் ஆளின் ஓராண்டுக் கணக்கு மேலே போய்விடுகிறது.

“நான் ஒருத்தன் விட்டா என்ன சார் ஆயிடப் போகுது?” இந்தக் கேள்வியை வகுப்பில் பலமுறை எதிர்கொண்டிருக்கிறேன். கணக்குப் போட்டே பார்ப்போம். ஒரு கோடையில் நூறு வேலை, வேலைக்கு அரைக் கிலோ 410ஏ காற்றில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது கிலோ. அதை 2,088-ஆல் பெருக்கினால் நூறு டன்னைத் தாண்டுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு வரும். அப்படியானால் அந்த நூற்றுச் சொச்சம் டன் ஏறக்குறைய 45,000 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். பைக்கில் வாழ்நாள் முழுக்கச் சுற்றினாலும் அத்தனை பெட்ரோலை உங்களால் எரிக்க முடியாது. ஒருத்தனால் என்ன ஆகும் என்று கேட்கும் உரிமை வேறு பல தொழில்களில் இருப்பவர்களுக்கு இருக்கலாம். நம் தொழிலில் இருப்பவனுக்குக் கிடையாது.

ஏன் திறந்து விடுகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியாமலில்லை. அக்னி நட்சத்திர நாட்களில் காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தால் இரவு பத்து வரை ஓய்வில்லை. மூன்றாவது மாடி, ஏசி தொங்குவது சுவருக்கு வெளியே, கால் வைக்க அரையடி சன்ஷேடு, இடுப்பில் பெல்ட் கிடையாது. ஆப்பில் புக் செய்த வாடிக்கையாளர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிறார். “முடிஞ்சுதாப்பா?” என்கிறார். தாமதமானால் ஒரு ஸ்டார் குறைப்பார். கேஸை முறையாக இன்னொரு சிலிண்டருக்கு இழுக்க ரெக்கவரி மெஷின் வேண்டும், காலி சிலிண்டர் வேண்டும், எடை மெஷின் வேண்டும், கூடவே முக்கால் மணி நேரம் வேண்டும். அந்த முக்கால் மணி நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை. பெரிய கம்பெனிகள் நட்சத்திர ஓட்டலில் பயிற்சி வகுப்பு வைத்து, சான்றிதழும் சாப்பாடும் தருகின்றன. ரெக்கவரி மெஷினைத் தருவதில்லை. சப் கான்ட்ராக்டர் உங்களுக்கு ஒரு வேலைக்கு இவ்வளவு என்று நிர்ணயிக்கும்போது அந்த முக்கால் மணி நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. இது அநியாயம். இதை அவர்களிடமும் சொல்ல வேண்டும், சொல்வேன். ஆனால் வால்வின் மேல் இருப்பது உங்கள் விரல். அதனால் முதலில் உங்களிடம் சொல்கிறேன்.

வாடிக்கையாளரைக் குற்றம் சொல்லும்போது நம் பக்கத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். “வருஷா வருஷம் கேஸ் போடணும் சார்” என்ற பொய்யை இந்த ஊரில் பரப்பியவர்கள் யார்? ஏசி கேஸைக் குடிப்பதில்லை. அது மூடிய சுற்று. கம்ப்ரசரில் கிளம்பிய வாயு கன்டென்சர், கேப்பிலரி, காயில் என்று சுற்றி மறுபடி கம்ப்ரசருக்கே வந்து சேர்கிறது. ஒழுகாத ஏசியில் போட்ட கேஸ் அது ஸ்கிராப்புக்குப் போகும் நாள் வரை அப்படியே இருக்கும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை. கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக்காற்று கன்டென்சரைத் தின்றிருக்கும். இண்டோர் காயிலில் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளை விழுந்திருக்கும். பெரும்பாலும் ஃபிளேர் சரியாக அமையாமல், நட்டின் அடியில் தூசி ஒட்டிய ஆயில் கறை தெரியும். அந்தக் கறையைக் கண்டுபிடித்து, நட்டைக் கழற்றி, ஃபிளேரை வெட்டிப் புதிதாக அடித்தால் வேலை முடிந்தது. அதைச் செய்யாமல் கேஸை மட்டும் ஏற்றிவிட்டு வருவது ஓட்டை வாளியில் தண்ணீர் நிரப்புவதுதான். அடுத்த ஏப்ரலில் அதே வீட்டிலிருந்து போன் வரும், அதே தொகை கிடைக்கும். நான் இதைத் தொழில் என்று சொல்ல மாட்டேன்.

ஓட்டையை அடைத்த பிறகு நிரப்புவதிலும் ஒரு முறை இருக்கிறது. ஆர்-22 காலத்தில் கேஜில் அறுபது, எழுபது என்று முள் நின்றால் போதும், காயிலைத் தொட்டுப் பார்த்துச் சில்லென்று இருந்தால் போதும் என்று பழகினோம். கை அனுபவம் பெரிது, மறுக்கவில்லை. ஆனால் வெயிலுக்கு ஏற்ப அழுத்தம் மாறும், ஃபில்டரில் தூசி அடைத்திருந்தால் மாறும், இன்வர்ட்டர் கம்ப்ரசர் வேகம் மாற்றினால் மாறும். அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் கேஸின் பெயரும், கிராம் கணக்கில் எடையும் அச்சிட்டே ஒட்டியிருக்கிறார்கள். எடை மெஷின் மேல் சிலிண்டரை வைத்து அந்தக் கிராமை ஏற்றுங்கள். அதிகமாக ஏற்றி, பிறகு “கொஞ்சம் ரிலீஸ் பண்ணிக்கலாம்” என்று காற்றில் விடும் வேலையே வராது.

புது ஏசி மாட்டும்போதும் இதே கதை. அவுட்டோரில் இருக்கும் கேஸைக் கொஞ்சம் திறந்து குழாய்க்குள் இருக்கும் காற்றைத் தள்ளிவிடுவதைப் பர்ஜிங் என்று கௌரவமாகச் சொல்கிறார்கள். அதில் கேஸும் போகிறது, ஈரமும் முழுசாகப் போவதில்லை. ஆர்-32, 410ஏ ஏசிகளில் இருக்கும் ஆயில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் ரகம். ஈரம் சேர்ந்தால் அமிலமாகும், அமிலம் கம்ப்ரசர் சுருளை அரிக்கும், நாளடைவில் கம்ப்ரசர் போகும். வேக்குவம் பம்பைப் போட்டு இருபது, முப்பது நிமிடம் இழுத்துவிட்டு, பிறகு வால்வைத் திறப்பதுதான் வேலை. வீடு மாற்றுகிறவர்களுக்கு ஏசியைக் கழற்றும்போது பம்ப் டவுன் செய்தால் முழுக் கேஸும் அவுட்டோருக்குள்ளேயே வந்து அடங்கிவிடும். மெல்லிய குழாயின் வால்வை மூடி, கூலிங்கில் ஓடவிட்டு, முள் இறங்கியதும் தடித்த குழாயின் வால்வையும் மூடி, உடனே ஆஃப் செய்ய வேண்டும். ஒரு மெஷினும் வேண்டாம், அலன் கீயும் கேஜும் போதும். அதையும் செய்யாமல் திறந்து விட்டுவிட்டு, புது வீட்டில் “ஃபுல் கேஸ் சார்ஜ்” என்று பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களில் யார் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பம்ப் டவுன் நடக்கும்போது எங்காவது நட்டு தளர்ந்திருந்தால் கம்ப்ரசர் காற்றை உள்ளே இழுக்கும். சூடான ஆயிலும் காற்றும் அழுத்தத்தில் சேர்ந்தால் டீசல் எஞ்சின் போல வெடிக்கும். அவுட்டோர் வெடித்து மெக்கானிக்குகள் செத்திருக்கிறார்கள். லீக் டெஸ்ட்டுக்கு நைட்ரஜன் இல்லையென்று வெல்டிங் ஆக்சிஜனை ஏற்றுவதும் அதே ரகம். ஆயிலும் ஆக்சிஜனும் சேர்ந்தால் தீப்பொறிகூடத் தேவையில்லை.

பூமி சூடாவது தூரத்து விஷயம் என்று நினைப்பவர்களுக்கு உங்கள் நுரையீரலைப் பற்றிச் சொல்கிறேன். கேஸ் மிச்சமிருக்கும் குழாயில் டார்ச்சைக் காட்டிப் பிரேசிங் செய்திருக்கிறீர்களா? சுடர் பச்சையாக மாறி, தொண்டையைப் பிடிக்கும் காட்டமான நெடி வந்திருக்கிறதா? சாதுவான வாயு நெருப்பில் பட்டதும் சாதுவாக இருப்பதில்லை. ஃபுளோரின் பிரிந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடாகிறது. ஆர்-22 என்றால் அதோடு ஹைட்ரஜன் குளோரைடும், முதல் உலகப் போரில் ஆயுதமாக வீசிய ஃபாஸ்ஜீனும் கொஞ்சம் உண்டாகும். இருமிவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறீர்கள். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். மூடிய சின்ன அறைக்குள் திறந்துவிட்டாலோ வேறு ஆபத்து. காற்றைவிடக் கனமான வாயு தரையோடு படிந்து, மூச்சுக்கு ஆக்சிஜன் இல்லாமல் செய்துவிடும். முதலில் கேஸை மீட்டெடுத்துவிட்டு, நைட்ரஜன் ஓடவிட்டுப் பிரேசிங் செய்பவனுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

மலிவாகக் கிடைக்கும் கேஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. 134ஏ என்று எழுதிய சிலிண்டரில் மெத்தில் குளோரைடு கலந்து விற்றவர்கள் உலகில் இருக்கிறார்கள். அது அலுமினியத்தோடு சேர்ந்தால் காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்ளும் பொருள் உண்டாகும். 2011-இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் கப்பல் குளிர்பதனக் கன்டெய்னர்கள் இப்படி வெடித்து மூவர் இறந்தார்கள். வேலை பார்த்துக்கொண்டிருந்த உங்களைப் போன்றவர்கள்தான் அவர்கள். பில் இல்லாத கேஸ், லேபிள் கிழிந்த சிலிண்டர், “மறுபடி நிரப்பாதே” என்று மேலேயே அச்சிட்டிருந்தும் மறுபடி நிரப்பிய டிஸ்போசபிள் சிலிண்டர், இவற்றைத் தொடாதீர்கள்.

இனி வரப்போவதைச் சொல்கிறேன், ஏனென்றால் அது உங்கள் பிழைப்போடு சம்பந்தப்பட்டது. 2025 தொடங்கி நம் நாட்டில் புது ஏசி தயாரிக்க ஆர்-22 பயன்படுத்தக் கூடாது. 2030-இல் அதன் கதை ஏறக்குறைய முடிகிறது. பழைய ஏசிகளைப் பழுதுபார்க்க மட்டும் 2040 வரை மிகக் கொஞ்சம் கிடைக்கும். ஆர்-32, 410ஏ, 134ஏ போன்றவற்றைக் குறைக்க மாண்ட்ரியல் உடன்படிக்கை நாடுகள் 2016-இல் ருவாண்டாவின் கிகாலியில் முடிவு செய்தன. இந்தியா அதை 2021-இல் ஏற்றுக்கொண்டது. 2028-இல் அளவு உறைந்து நிற்கும், 2032-இலிருந்து படிப்படியாகக் குறையும், 2047-இல் 85 விழுக்காடு குறைந்திருக்கும். வரத்து குறைந்தால் விலை ஏறும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆர்-22 ஏசிகள் இன்னும் எத்தனையோ வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஸ்கிராப்புக்குப் போகும் ஆர்-22 ஏசியிலிருந்து மீட்ட கேஸ்தான் நாளை ஓடிக்கொண்டிருக்கும் ஏசியைக் காப்பாற்றப்போகிறது. நீங்கள் இன்று உஸ்ஸென்று விடுவது நாளை விலை பேசப்போகும் சரக்கு.

மாற்று வாயுக்களும் வந்துகொண்டிருக்கின்றன. ஆர்-290 என்ற புரொப்பேன், 2012 முதலே இந்தியாவில் தயாராகும் சில ஏசிகளில் இருக்கிறது. வெப்பமூட்டும் கணக்கில் அது வெறும் மூன்று. ஆனால் அடுப்பு கேஸின் உறவு, எளிதில் தீப்பிடிக்கும். ஆர்-32-கூட லேசாகத் தீப்பிடிக்கும் ரகம்தான். ஆக, திறந்துவிடும் பழக்கம் உள்ள கையோடு இந்தப் புதுக் காலத்துக்குள் போனால், கணக்கு நூறு வருடம் கழித்து வராது, அந்த அறையிலேயே வரும். ஆர்-22-க்காகச் செய்த பழைய ஏசியில் மலிவாயிற்றே என்று புரொப்பேனை ஏற்றுவதையும் இன்றோடு நிறுத்துங்கள். அந்த ஏசியின் சுவிட்சும் ரிலேவும் தீப்பிடிக்கும் வாயுவுக்காகச் செய்தவையல்ல. கார் ஏசிகளுக்கு வந்திருக்கும் 1234ஒய்எஃப் பூமியைச் சூடாக்குவதில் மிகக் குறைவு. ஆனால் காற்றில் சிதைந்து டிஎஃப்ஏ என்ற அமிலமாகி மழையோடு இறங்குகிறது, தண்ணீரில் அழியாமல் தங்குகிறது. தங்கியே இருக்கும் ஃபுளோரின் சேர்மங்கள் என்ற குடும்பத்தைப் பற்றி ஐரோப்பாவில் இப்போது நடக்கும் சண்டையில் அதுவும் ஒரு கட்சிக்காரர். எந்தப் புது வாயு வந்தாலும் திறந்துவிட லாயக்கானது என்று ஒன்று வரப்போவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் 1992 ஜூலை முதலே ஓசோனைக் கெடுக்கும் குளிர்பதன வாயுவைத் தெரிந்தே காற்றில் விடுவது குற்றம். சான்றிதழ் இல்லாதவர் அங்கே பெரும்பாலான கேஸை வாங்க முடியாது. நம் ஊரில் உங்கள் வேனுக்குப் பக்கத்தில் அதிகாரி ஒருவர் நின்றுகொண்டிருக்கப் போவதில்லை. 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட குளிர்விப்புச் செயல்திட்டம் ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் சான்றும் தருவதாகச் சொன்னது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஓசோன் பிரிவு தரும் பயிற்சிகள் பல ஊர்களில் நடக்கின்றன. போகாதவர்கள் போங்கள், ஒருநாள் கூலி போனாலும் பரவாயில்லை. வந்தபின் ஹெல்பருக்கும் சொல்லிக் கொடுங்கள். அவன் உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஸ்கிராப் விஷயம் தனியாக நிற்கிறது. அதில் நாம் எல்லாருமே கோட்டைவிட்டிருக்கிறோம். பழைய ஏசியை எடுத்துவந்து இரும்புக்கடையில் போடுகிறோம். செம்புக்காக அவர் கட்டரால் குழாயை ஒரே வெட்டாக வெட்டுகிறார். பத்து, பன்னிரண்டு வருடம் பத்திரமாக உள்ளே இருந்த ஒரு கிலோவும் ஒரு நொடியில் போய்விடுகிறது. மின்னணுக் கழிவு விதிகளில் ஏசியும் ஃபிரிட்ஜும் சேர்ந்திருக்கின்றன, தயாரித்த கம்பெனிக்குப் பொறுப்பும் உண்டு. ஆனால் கம்பெனிக்கும் இரும்புக்கடைக்கும் நடுவில் அந்தப் பெட்டி கடைசியாக நிற்பது உங்கள் கடை வாசலில்தான். இரும்புக்கடைக்காரரிடம் கேஸை எடுக்க மெஷின் இருக்காது, எடுக்கத் தெரியவும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். தனியாளாக ரெக்கவரி மெஷின் வாங்குவது உங்களில் பலருக்குக் கட்டுப்படியாகாது. பத்துப் பேர் சேருங்கள். கேஸ் வாங்கும் கடை எப்படியும் எல்லாருக்கும் ஒன்றுதான். அந்தக் கடையிலேயே ஒரு மெஷினையும் இரண்டு ரெக்கவரி சிலிண்டர்களையும் பொதுவில் வையுங்கள். காயில், கம்ப்ரசர் மாற்றும் வேலை வந்தவன் எடுத்துப்போய்த் திருப்பிக் கொண்டுவரட்டும். ஒரு சிலிண்டரில் ஒரே வகைக் கேஸ்தான், எண்பது விழுக்காட்டுக்கு மேல் நிரப்பக் கூடாது. மீட்ட கேஸை அதே ஏசிக்கே திரும்ப ஏற்றலாம். கலப்படமானதையும் எரிந்த கம்ப்ரசரிலிருந்து வந்ததையும் தனியாக வைத்து, சுத்திகரிக்கிறவரிடம் கொடுங்கள். பில்லில் “கேஸ் மீட்பு” என்று ஒரு வரி போட்டு, அந்த முக்கால் மணி நேரத்துக்குக் கூலி கேளுங்கள். வாடிக்கையாளர் முகம் சுளித்தால், “உங்க ஏசிலேர்ந்து எடுத்த கேஸை உங்களுக்கே போடறோம் சார், புதுசு வாங்கற காசு மிச்சம்” என்று சொல்லுங்கள். பாதிப்பேராவது ஒத்துக்கொள்வார்கள். சங்கம் வைத்திருப்பவர்கள் கம்பெனிகளிடமும் ஆப்காரர்களிடமும் எழுத்தில் கேளுங்கள்: வேலைக்கு நிர்ணயிக்கும் தொகையில் மீட்பு நேரத்தையும் சேருங்கள், சான்றிதழோடு மெஷினையும் கொடுங்கள், மீட்ட கேஸை விலை கொடுத்துத் திரும்ப வாங்குங்கள் என்று கேளுங்கள். அந்த மனுவில் என் கையெழுத்தும் வேண்டுமென்றால் போடுகிறேன்.

மெஷின் வரும்வரை செலவில்லாமல் செய்யக்கூடியவை நாளைக் காலையிலிருந்தே உங்கள் கையில் இருக்கின்றன. கழற்றுவதற்கு முன் பம்ப் டவுன் செய்யுங்கள். ஓட்டையை அடைக்காமல் டாப் அப் செய்யாதீர்கள். வேக்குவம் போடாமல் வால்வைத் திறக்காதீர்கள். எடை பார்க்காமல் ஏற்றாதீர்கள். அடுத்த கோடை மார்ச்சிலேயே வந்துவிடும். அதற்குள் உங்கள் பகுதியில் அந்தப் பத்துப் பேரைச் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஐ.டி.ஐ. ஆசிரியர் ஒருவர்